சூடானதும் நின்றுபோகும் புல் வெட்டும் மெஷின்: இக்னிஷன் காயிலை மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சுங்கை சிப்புட், பேராக்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்

ஐயா,

உங்கள் சுங்கை சிப்புட் கிளையில் நான் வாங்கிய புல் வெட்டும் மெஷின் காலையில் ஓர் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடும். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் சட்டென்று நின்றுவிடும். அதன் பிறகு கை வலிக்கக் கயிற்றை இழுத்தாலும் பயனில்லை. நிழலில் வைத்து ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். சூடேறினால் பழைய கதைதான். வாரண்டி இன்னும் முடியவில்லை. ஆனால் கிளையில் இதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் புதுப் புது பிளக்கும் புதுப் புது காரணமும்தான்.

இதை வாங்கியபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் உலோகத் தொடுமுனை) வைத்த பழைய மெஷின் ஒன்று இருந்தது. நம் ஊர் ஈரத்துக்குப் பாயிண்ட் பூத்துப்போகும், பொறி பலவீனமாகும், கண்டன்சரும் அவ்வப்போது போகும். ஆனால் மேக்னெட் சக்கரத்தைக் கழற்றி, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்தால் மறுபடி வேலை செய்யும். தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அது எனக்குப் பெரிய வேலையில்லை. உங்கள் விற்பனையாளர், "அங்கிள், பாயிண்டெல்லாம் பழைய காலம். இது எலக்ட்ரானிக். உள்ளே தேயுறதுக்கு ஒண்ணுமே இல்ல, மழை ஈரமும் ஒண்ணும் பண்ணாது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சக்கரத்திலுள்ள காந்தம், இக்னிஷன் காயில் என்ற கம்பிச்சுருளைக் கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது. பாயிண்ட் செய்துவந்த வேலையை ஒரு டிரான்சிஸ்டர் செய்கிறது. சரியான நொடியில் அது மின்சாரத்தைத் துண்டிக்க, பிளக்கில் பொறி விழுகிறது. நல்ல காயிலாக இருந்தால் பல வருஷம் திறந்து பார்க்கவே வேண்டியதில்லை.

ஆனால் கெட்டுப்போனால் அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. மொத்தமாக ரெசினில் வார்த்த பொருள் அது. கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது மாட்ட வேண்டியதுதான். அதனால்தான் பணம் கட்டுவதற்கு முன்பே, "காயில் தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்டேன். "எப்போதும் ஸ்டாக் இருக்கும்" என்று பதில் வந்தது. அதே வரிசையில் விலை குறைந்த இன்னொரு பிராண்டும் இருந்தது. அதன் காயில் இங்குள்ள எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். உங்கள் ஆளின் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கூடுதல் விலை கொடுத்து இதை எடுத்தேன்.

இப்போது உங்கள் கிளை சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். முதலில் பிளக் என்றார்கள். மாற்றினார்கள், மெஷின் மறுபடியும் அதேபோல் நின்றது. பிளக் இடைவெளியை உங்கள் கையேட்டில் உள்ளபடி 0.6 மில்லிமீட்டருக்கு நானே வைத்துப் பார்த்தேன். பிளக்கின் நுனி நல்ல பழுப்பு நிறத்தில் இருக்கிறது. கலவை அதிகமாகப் போகும் இன்ஜினில் அது கறுத்து, எண்ணெய் படிந்துதான் இருக்கும்.

அடுத்ததாக எண்ணெய்க் கலவை தவறு என்றார்கள். கையேடு 25க்கு 1 என்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான) எண்ணெய். அளவுக் குப்பியில்தான் கலக்கிறேன். கலவைதான் தவறென்றால் காலையில் மட்டும் அது எப்படிச் சரியாகிறது? அப்புறம் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும் என்று ஒரு கண்டுபிடிப்பு. இது கொஞ்சம் நியாயமான சந்தேகம்தான். துளை அடைத்தால் டேங்கில் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் இறங்காது. எனவே மெஷின் நின்றவுடனே மூடியைத் திறந்துவிட்டு இழுத்துப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை.

உங்கள் டெக்னீஷியன் செய்யாத சோதனைகளை எங்கள் ஊர்ப் பட்டறைத் தவுக்கே (முதலாளி) செய்தார். மெஷின் நின்ற அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றினார். பெட்ரோலில் நனைந்திருந்தது, அப்படியென்றால் பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது. பிளக் வயரில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி இழுத்தார், பொறியே இல்லை. நிறுத்தும் சுவிட்சின் வயர் உரசி எர்த் ஆகிறதோ என்று அதையும் கழற்றிவிட்டுப் பார்த்தார், அப்போதும் இல்லை. காயிலுக்கும் மேக்னெட் சக்கரத்துக்கும் நடுவில் விசிட்டிங் கார்டை வைத்து இடைவெளியைச் சரிபார்த்தார். அதுவும் சரி. ஆறியபின் டெஸ்டரில் நீலப் பொறி பளிச்சென்று வந்தது. இதன் பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது? காயிலின் உள்ளே மெல்லிய கம்பி எங்கோ விட்டிருக்கிறது. சூட்டில் கம்பி விரியும்போது தொடர்பு அறுகிறது, ஆறும்போது ஒட்டிக்கொள்கிறது. இல்லையென்றால் உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர் சூடு தாங்கவில்லை. எதுவானாலும் அது உங்கள் காயிலின் கோளாறுதான். ஆறிய மெஷினை மேசையில் வைத்துச் சோதித்துவிட்டு "பழுது எதுவும் இல்லை" என்று உங்கள் கிளை எழுதிக்கொடுத்த தாளுக்கு அர்த்தமே இல்லை.

கடைசியாகக் கிடைத்த பதில்தான் எனக்கு உண்மையில் கோபத்தைக் கிளப்பியது. காயில் தேய்மானப் பொருளாம், வாரண்டியில் வராதாம். சரி, பணம் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்றால், ஸ்டாக் இல்லை, எப்போது வரும் என்று தெரியாதாம். பிளக் தேய்மானப் பொருள், பிளேடும் நைலான் கயிறும் தேய்மானப் பொருள்கள், ஒப்புக்கொள்கிறேன். உள்ளே தேய்வதற்கு எதுவுமே இல்லை என்று சொல்லி விற்ற பொருள், வாரண்டி கேட்டதும் எப்படித் தேய்மானப் பொருளாக மாறியது?

வீட்டைச் சுற்றியும் கோயில் வளாகத்திலும் வெட்டத்தான் இந்த மெஷின். குத்தகைக்கு விடும் மெஷின் அல்ல. மத்தியானம் தவறாமல் மழை கொட்டும் இந்த மாதங்களில் லாலாங் புல் எவ்வளவு வேகமாக வளரும் என்று பேராக்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று, ஆறும்வரை மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்றும், பழுதுபார்ப்பு வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் வாரண்டி அட்டையில் சிறிய எழுத்தில் எதை அச்சடித்திருந்தாலும் அந்தப் பொறுப்பு மறைந்துவிடாது.

எனவே, செலவு எதையும் என்மீது சுமத்தாமல் அசல் காயிலை மாற்றிக் கொடுங்கள். மாற்றியபின் மெஷினை என் கண்முன்னே நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிக் காட்ட வேண்டும். ஆறிய மெஷினில் செய்த சோதனையை நான் ஏற்கமாட்டேன். காயில் உங்களிடம் இல்லையென்றால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வாங்கும்போது நீங்கள் எடுத்துக்கொண்டு விலையில் கழித்த என் பழைய மெஷினின் மதிப்பையும் சேர்த்து முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். இன்னொரு பிளக் மட்டும் வேண்டாம்.

ரசீது, வாரண்டி அட்டை, பொறி வராமல் போவதைக் காட்டும் வீடியோ எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீலும் தேவையில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
சுங்கை சிப்புட்