'ஒரே இரவில் எழுந்த மேடை' பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'ஈராஸ்' இசைச் சுற்றுப்பயணம் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். 2023 மார்ச் 17 அன்று அமெரிக்காவில் கிளெண்டேல் என்ற ஊரில் தொடங்கியது, 2024 டிசம்பர் 8 அன்று கனடாவின் வான்கூவரில் முடிந்தது, மொத்தம் 149 நிகழ்ச்சிகள், ஒரு கோடிக்கு மேல் ரசிகர்கள், டிக்கெட் வசூல் மட்டும் 200 கோடி டாலரைத் தாண்டியது, எல்லாம் சரி. என் மகள் அந்தப் பக்கத்தை வெட்டி பீரோ கதவில் ஒட்டிவிட்டாள். சட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. அதில் படத்துக்குக் கீழே நீங்கள் போட்ட ஒரு வரிதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'மாயாஜாலம் போல ஒரே இரவில் எழுந்த மேடை.'

ஒரே இரவில் அப்படி ஒரு மேடை எழாது சார்.

நான் மேடை வேலைக்காரன். 11 வருடமாக இரும்பு தூக்குகிறேன், கேபிள் இழுக்கிறேன், பெட்டி தள்ளுகிறேன். ஸ்விஃப்ட்டின் மேடையில் வேலை பார்த்ததில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் மகளே என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவாள். ஆனால் உலகம் சுற்றும் பாடகர்களின் நிகழ்ச்சி ஸ்டேடியத்துக்கு வரும்போது அவர்களுடைய குழுவுக்குக் கைகொடுக்க உள்ளூர் ஆட்கள் நூறு, இருநூறு பேரைக் கூப்பிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பல தடவை நின்றிருக்கிறேன்.

பாடகர் விமானம் ஏறுவதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே எங்கள் வேலை தொடங்கிவிடும். முதலில் புல்தரை. விளையாட்டு மைதானத்துக்காரர்களுக்குப் புல் என்றால் உயிர், அதனால் அதன் மேல் கனமான பலகைகளைப் பூட்டிப் பூட்டி ஒரு சாலை மாதிரி விரிப்போம், அதற்கு மேல்தான் கிரேனும் ஃபோர்க்லிஃப்ட்டும் வர முடியும். அப்புறம் இரும்பு. மேடையின் எலும்புக்கூடு, அதன் கூரை, ஸ்பீக்கர் தொங்கவிடும் கோபுரங்கள் எல்லாம் லாரி லாரியாக வந்து இறங்கும். பெரிய சுற்றுப்பயணங்களில் இந்த இரும்பு ஒரு செட் மட்டும் இருக்காது. இரண்டு, சில சமயம் மூன்று. ஒரு ஊரில் பாட்டு நடந்துகொண்டிருக்கும், அடுத்த ஊரில் இன்னொரு செட்டை ஏற்றிக்கொண்டிருப்பார்கள், மூன்றாவது செட் எங்காவது நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும். 2009 முதல் 2011 வரை யூ2 என்ற ராக் இசைக்குழு நடத்திய '360' சுற்றுப்பயணத்தில் நாலு கால் வைத்த நண்டு மாதிரி சுமார் 50 மீட்டர் உயரத்துக்கு ஒரு அமைப்பை நிறுத்தினார்கள். அதை ஒவ்வொரு ஊரிலும் பிரித்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ப் பூட்டினால் தேதி கட்டுப்படியாகாது என்று மூன்று செட் செய்து வைத்திருந்தார்கள்.

இரவோடு இரவாக ஊர் மாறுவது எது என்றால் ஒலி, விளக்கு, திரை, உடை, இசைக்கருவிகள். இவை வந்து சேரும்போது இரும்பு ஏற்கெனவே தயாராக நிற்கும். ரசிகர்களுக்கு நேற்று அங்கே, இன்று இங்கே என்று தெரிவதற்கு இதுதான் காரணம்.

பெட்டிகள் இறங்கும் நாள் காலை ஒரு தடவை நீங்கள் வந்து பார்க்க வேண்டும். மேடைத் தளத்தில் சாக்கட்டியால் குறி போட்டுக்கொண்டே ஒருவர் போவார். ஒரு வட்டம், அதற்குள் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு எண். அந்த எண்தான் அந்த இடத்துக்கு நேர் மேலே கூரையில் தொங்கப்போகும் எடை. அதைப் பார்த்து ரிக்கர்கள், அதாவது உயரத்தில் சுமைகளைத் தொங்கவிடும் ஆட்கள், மேலே ஏறி, சங்கிலி மோட்டாரின் கொக்கியை மாட்டுவார்கள். கீழே நாங்கள் விளக்குச் சட்டங்களை ஒன்றோடொன்று கோத்து வைத்திருப்போம். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் ஏற வேண்டும். அவற்றில் ஒரு மோட்டார் இரண்டு அங்குலம் பிந்தினால் அதன் சுமை பக்கத்து மோட்டாருக்குப் போய்விடும். அதனால் தூக்கும்போது யாரும் பேச மாட்டார்கள், ரேடியோவில் ஒரே ஒரு குரல்தான் கேட்கும். எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த நேரம் அதுதான். டன் கணக்கில் இரும்பு, சத்தமே இல்லாமல், நிதானமாக மேலே போகும். பாடகர் வந்து பாடும்போதுகூட அப்படி ஒரு அமைதி வராது, அப்போது 60,000 பேர் கத்திக்கொண்டிருப்பார்கள்.

அந்த அமைதிக்குப் பின்னால் பயமும் உண்டு. 2009 ஜூலையில் பிரான்சின் மார்சேய் நகரில் மடோனா நிகழ்ச்சிக்காக ஸ்டேடியத்தில் மேடை கட்டும்போது கூரை சரிந்து இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள். 2012 ஜூன் 16 அன்று கனடாவின் டொரண்டோவில் ரேடியோஹெட் இசைக்குழுவின் மேடைக் கூரை விழுந்து அவர்களுடைய டிரம் கருவிகளைப் பார்த்துக்கொண்டவர் இறந்தார். வாசல் திறக்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இருந்தபோது விழுந்தது. திறந்த பிறகு விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வழக்கு என்ன ஆனது தெரியுமா? 2013இல் குற்றச்சாட்டு பதிவானது, இழுத்துக்கொண்டே போய், ரொம்பத் தாமதமாகிவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி 2017இல் நீதிமன்றமே வழக்கை நிறுத்திவிட்டது. யார் தவறு என்று ஒரு நீதிபதியும் தீர்ப்பு சொல்லவில்லை. 2019இல் ஒரு மரண விசாரணை நடந்து பரிந்துரைகள் வந்தன, அவ்வளவுதான். எங்கள் ஆட்களிடையே டொரண்டோ என்று ஒரு வார்த்தை சொன்னாலே போதும், ஹெல்மெட் போடாமல் நிற்பவன் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வருவான்.

சுற்றுப்பயணத்தோடு கூடவே போகும் குழுவினருக்கும் அந்தந்த ஊரில் கூப்பிடும் எங்களைப் போன்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஸ்விஃப்ட் தன் லாரி ஓட்டுநர்கள் ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் டாலர் போனஸ் கொடுத்தார் என்று 2023இல் செய்தி வந்தது, நீங்களும் அதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கிறீர்கள். மனசார வாழ்த்துகிறேன். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல், பகலில் தூங்கி ராத்திரி முழுக்க ஓட்டுகிற வேலை அது. ஆனால் உள்ளூர் ஆட்களைப் பாடகரின் நிறுவனத்துக்கே தெரியாது. அவர்கள் ஒரு ஏற்பாட்டாளரிடம் சொல்வார்கள், அவர் ஒரு காண்டிராக்டரிடம் சொல்வார், அவர் இன்னொருவரிடம். அந்த இன்னொருவரிடம்தான் என் பெயர் இருக்கும், அதுவும் பாதி நேரம் தப்பாக எழுதி. ஒரு தடவை எங்களுக்குச் சம்பளம் வர மூன்று மாதம் ஆனது. அதற்குள் அந்தப் பாடகர் இன்னும் இரண்டு கண்டங்களில் பாடி முடித்துவிட்டார். போன் செய்தால் 'பில் பாஸ் ஆகவில்லை' என்பார்கள். என்ன பில், யார் பாஸ் செய்ய வேண்டும், ஒன்றும் தெரியாது.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். 2023 நவம்பர் 17 அன்று ரியோ டி ஜெனிரோவில் ஸ்விஃப்ட்டின் நிகழ்ச்சிக்கு வந்த 23 வயதுப் பெண் வெயில் தாங்காமல் இறந்துபோனதை உங்கள் கட்டுரையில் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். வெளியிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டு வர விடவில்லை என்று ரசிகர்கள் புகார் சொன்னார்கள், மறுநாள் பிரேசிலின் நீதித் துறை அமைச்சர் கொண்டு வர அனுமதிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார், அன்றைய நிகழ்ச்சியையும் 20ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஒரே நினைப்புதான். ரசிகர்கள் சாயங்காலம் வருகிறார்கள். அதே மைதானத்தில் காலை பத்து மணியிலிருந்து இரும்போடு நிற்பவர்கள் என்ன ஆவார்கள்? வெயிலில் கிடந்த இரும்பைக் கையுறை இல்லாமல் தொட முடியாது, கையுறை போட்டால் விரலெல்லாம் ஊறி வெளுத்துப்போகும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் தண்ணீர்க் கேன்களை வரிசையாக முன்வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள், பின்னால் எங்களுக்கு ஒன்றுகூட வரவில்லை. எங்கள் கையில் கட்டியிருந்த பட்டையின் நிறத்துக்கு முன்வாசலுக்குப் போக அனுமதி இல்லை. கடைசியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்தான் யாருக்கும் தெரியாமல் இரண்டு கேனைத் தூக்கி வந்தார்.

2024 ஆகஸ்டில் வியன்னாவில் நடக்கவிருந்த மூன்று நிகழ்ச்சிகள் பயங்கரவாதச் சதி அம்பலமானதால் ரத்தானது உங்களுக்கு நினைவிருக்கும். முதல் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் அறிவித்தார்கள். நல்ல முடிவு, உயிர் முக்கியம். ரசிகைகள் தெருவில் நின்று பாடியதை எல்லா டிவியும் காட்டின. ஆனால் முந்தின நாள் என்றால் ஒரு மேடை எந்த நிலையில் இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஒரு பாட்டுகூடக் கேட்காத மேடையைப் பிரிப்பது எப்படிப்பட்ட வேலை என்று யாராவது போய்க் கேட்டிருக்கலாம்.

பிரிப்பது பற்றிச் சொன்னால்தான் இந்தக் கடிதம் முடியும். நிகழ்ச்சி நடக்கும்போது நாங்கள் மேடைக்குப் பின்னால், சில சமயம் அடியில் உட்கார்ந்திருப்போம். பாட்டு வரிசை எழுதிய தாள் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கும். கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டு தொடங்கியதும் எல்லாரும் எழுந்து கையுறை மாட்டுவோம். வெளியே கடைசிப் பாட்டுக்கு ஜனம் அழுதுகொண்டிருக்கும், உள்ளே நாங்கள் காலிப் பெட்டிகளை மூடி திறந்தபடி வரிசையில் நிறுத்திக்கொண்டிருப்போம். பாடகர் இறங்கிக் காரில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் முதல் கேபிள் கழன்றிருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் வண்ண டேப் ஒட்டியிருக்கும், எந்த நிறம் எந்த லாரி என்று கணக்கு. அடுத்த ஊரில் முதலில் இறங்க வேண்டியதைக் கடைசியில் ஏற்ற வேண்டும், அந்த வரிசை தப்பினால் அங்கே இருப்பவர்கள் அரை நாள் கைகட்டி நிற்பார்கள். எல்லை தாண்டுகிற லாரி என்றால் இன்னொரு தலைவலி. 'கார்னே' என்று ஒரு சுங்க ஆவணம் உண்டு, உள்ளே கொண்டுவந்த சாமானையெல்லாம் வரி கட்டாமல் திரும்ப எடுத்துப்போக அது வேண்டும். அதில் ஒவ்வொரு மைக், ஒவ்வொரு ஸ்பீக்கர், எல்லாம் எண்ணோடு எழுதியிருக்கும். எழுதியிருப்பது ஒன்று, பெட்டியில் இருப்பது வேறு என்றால் எல்லையில் நிற்க வேண்டியதுதான். விடிவதற்குள் ஒலியும் விளக்கும் கிளம்பிவிடும். இரும்பைப் பிரிக்க இன்னும் இரண்டு நாள் ஆகும், அதை யாரும் படம் எடுப்பதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்குப் பாடகர்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல், நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டு, அதுவும் அடுத்தடுத்த நாட்களில், ஆடிக்கொண்டே பாடுவதென்றால் சாதாரண உழைப்பு இல்லை. கூட்டம் வருவதும் அவருக்காகத்தான், என் முகத்தைப் பார்க்க ஒருத்தரும் வரமாட்டார்கள். என் மகள்கூட, "அப்பா, நீங்க வேலை பாத்த பாடகரை நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டபோது, "பாத்தேன், அவங்க செருப்போட அடிப்பாகம் நல்லாத் தெரியும்" என்றேன். மேடைக்கு அடியில் இருந்தால் அவ்வளவுதான் தெரியும்.

வசூல், உடை, யார் யாரோடு வந்தார் என்பதெல்லாம் எழுதுங்கள், படிக்கத்தான் செய்கிறோம். அதோடு எத்தனை பேர் எத்தனை மணி நேரம் அங்கே நின்றார்கள், யார் கூலி கொடுத்தார்கள், தண்ணீர் இருந்ததா, கூரையை யார் சோதித்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் நாலு கேள்வி கேளுங்கள். நாங்கள் கேட்டால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். பத்திரிகைக்காரர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த தடவை பெரிய நிகழ்ச்சி வரும்போது உங்கள் புகைப்படக்காரரை நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்னால், காலை எட்டு மணிக்கு அனுப்புங்கள். முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், செருப்போடு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். ஹெல்மெட் நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
மேடைத் தொழிலாளி ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம், அடுத்த மாதம் ஒரு வேலை இருக்கிறது)