‘நல்லா இருக்காருங்க’ என்று முதலில் சொன்ன குரலுக்கு

அப்பா வீடு வந்து சேர்ந்துவிட்டார். இரண்டு காலிலும் சேற்றுப்புண், தொண்டை கட்டியிருக்கிறது, முகமெல்லாம் தாடி. வேறொன்றும் இல்லை. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு செய்தியை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதை இந்த நாலு நாளில் முகம் தெரியாத ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். இந்த மடலில் பெரும்பகுதி அவருக்குத்தான்.

மலையில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை என்று 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி செய்தி வந்ததிலிருந்து எல்லாருக்கும் தெரியும். நீலகிரியில் ஒரு சொந்தமாவது உள்ள வீடுகள் அந்த வாரத்தை எப்படிக் கழித்தன என்பதும் தெரியும்.

அப்பா நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டத்து அணைகளில் ஒன்றில் வேலை பார்க்கிறார். எந்த அணை, எந்த பவர் ஹவுஸ் என்று எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். இலாகா போனில் வீட்டுச் சங்கதி பேசினார்கள் என்று, எங்களுக்குச் சேதி சொன்ன அந்த அண்ணன்மேல் ஒரு சொல் விழுந்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. அதனால் அண்ணனின் பெயரையும் எழுதவில்லை. படித்தால் அவருக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்துக்கு அணை என்பது சுற்றுலா போய்ப் பார்க்கிற இடம் இல்லை. 1950-களில் கனடா நாட்டு உதவியோடு இந்தத் திட்டத்துக்கு மலையைக் குடைந்தபோது, சேலம் பக்கத்திலிருந்து பாறை உடைக்க வந்தவர் என் தாத்தா. குந்தா பவர் ஹவுஸை இன்றைக்கும் மலையில் ‘கனடா பவர் ஹவுஸ்’ என்றுதான் சொல்வார்கள். தாத்தா வேலை முடிந்தும் ஊர் திரும்பவில்லை. அப்பா அங்கேயே படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். நான் பிறந்தது குவார்ட்டர்ஸில். கல்யாணமாகி மேட்டுப்பாளையம் வந்தும் தண்ணீர் என்னை விடவில்லை. எங்கள் தெருவிலிருந்து பவானி கூப்பிடு தூரம்.

மழை பிடித்தபோது என் பெண்ணுக்குப் பன்னிரண்டு நாள். அம்மா பிரசவத்துக்குத் துணையாக என்னோடு இருந்தார். வெள்ளிக்கிழமை வரலட்சுமி நோன்பு. அதற்கு லீவு போட்டு வந்து பேத்தியைப் பார்ப்பதாக அப்பா சொல்லியிருந்தார். அவரை மாற்றிவிட வேண்டிய ஆள் மேலே ஏற முடியவில்லை. வியாழக்கிழமை மதியத்துக்குப் பிறகு அவருடைய செல்போன் ‘தொடர்பு எல்லைக்கு அப்பால்’ போய்விட்டது.

அன்று இரவு இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு அம்மாவின் போன் அடித்தது. தெரியாத எண். அந்த நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் மனசு எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். அம்மா எடுக்கவில்லை. போனை வெறித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். நான்தான் பிடுங்கி எடுத்தேன்.

“நல்லா இருக்காருங்க” என்றது ஒரு குரல்.

ஹலோ இல்லை. யார் பேசுகிறேன், எங்கிருந்து பேசுகிறேன் என்பது இல்லை. இன்னார் வீடா என்றுகூடக் கேட்கவில்லை. முதல் சொல்லே அதுதான். அதற்குப் பிறகுதான் தான் யார் என்று சொன்னார்.

அணைக்கும் கீழே இருக்கிற பவர் ஹவுஸுக்கும் நடுவில் இலாகாவின் சொந்த போன் லைன் ஒன்று உண்டு. டவரெல்லாம் விழுந்த பிறகும் அது உயிரோடு இருந்திருக்கிறது. மணிக்கு ஒருமுறை மேலேயிருந்து தண்ணீர் மட்டத்தைச் சொல்வார்கள், கீழே அதை லாக் ஷீட்டில் எழுதிக்கொள்வார்கள். அப்படி லெவல் சொன்னபோது, “முடிஞ்சா வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று அப்பா எங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறார். ஒரே ஒரு தடவைதான் கேட்டாராம்.

அந்த அண்ணன் அதோடு நிறுத்தியிருக்கலாம். சொல்லச் சொன்னதைச் சொல்லியாயிற்று. ஆனால் நாலு மணிக்கு மறுபடி போன் வந்தது. ஐந்து மணிக்கும் வந்தது. ஞாயிறு மதியம் வரை மொத்தம் 41 தடவை கூப்பிட்டார். நான் எண்ணவில்லை, அம்மா தினசரி காலண்டர் தாள்களைக் கிழித்து, பின்பக்கம் மணி போட்டு எழுதி வைத்திருக்கிறார். “4 மணி. டீ குடித்தார்.” “7 மணி. அரிசி இருக்கிறது, பருப்பு இல்லை.” “11 மணி. ஒரு மணி நேரம் தூங்கினார்.” தாள் முழுக்க இப்படித்தான். ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் அதே மாதிரிதான் தொடங்கியது. நல்லா இருக்காருங்க. பிறகுதான் மூச்சு விட்டு, “அக்கா, நான்தான்” என்று பேசுவார்.

அவருடைய செல்லுக்குக் கன்ட்ரோல் ரூமில் சிக்னல் கிடையாதாம். வெளியே யார்டு வேலி ஓரத்தில் ஒரு இடத்தில் நின்றால்தான் ஒரு கோடு வருமாம். அந்த மழையில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு 41 தடவை அங்கே போய் நின்றிருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை. அப்பாவுக்குக்கூட இறங்கி வரும்போது இன்னொருவர் சொல்லித்தான் தெரியும்.

போகப் போக செய்தி இரண்டு பக்கமும் ஓடியது. பிரஷர் மாத்திரை போட்டாரா என்று அம்மா கேட்பார். அடுத்த மணி லெவல் எடுக்கும்போது அந்தக் கேள்வி மேலே போகும், பதில் கீழே வரும். பாப்பா பால் குடிக்கிறாளா என்று அப்பா கேட்டதாக வந்து சொல்வார். நேற்று அப்பா சட்டைப்பையிலிருந்து தன் குறிப்பு நோட்டை எடுத்துக் காட்டினார். நனைந்து ஊதியிருந்தது. ஒரு பக்கம் மணி, லெவல், ஷட்டர் எவ்வளவு தூக்கியது என்ற கணக்கு. ஓரத்தில் சின்ன எழுத்தில் “பாப்பா தூங்குது”, “தொப்புள்கொடி விழுந்தது.” அம்மா தன் காலண்டர் தாள்களை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். இரண்டு பேரும் ஒவ்வொரு மணியாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு மணிக்கு வர வேண்டிய போன் வரவில்லை. ஒன்றேகாலுக்கு வந்தது. அன்றைக்கு மட்டும் முதல் சொல் வேறாக இருந்தது. “லைன் மட்டுந்தாங்க போயிருக்கு.” அதற்குப் பிறகு ஒரு நொடி விட்டு, “நான் சும்மா சொல்லலீங்கக்கா, தண்ணியப் பாத்துத்தான் சொல்றேன்” என்றார்.

மேலே ஷட்டரை ஒரேயடியாகத் தூக்க மாட்டார்கள். கீழே ஆற்றோரம் ஆடு மாடு, ஆட்கள் விலக நேரம் வேண்டும். கொஞ்சம் தூக்கி நிறுத்தி, பிறகு இன்னும் கொஞ்சம் என்றுதான் திறப்பார்கள். அப்படித் திறந்த தண்ணீர் கீழே வரும்போது படிப்படியாக ஏறும். ஆள் கை படாமல் வழிந்து வருகிற தண்ணீர் அப்படி வராது. “படி தெரியுதுங்க. இப்பத்தான் ஒரு படி ஏறி நின்னுச்சு. யாரோ நின்னு நிதானமாத் தூக்குறாங்க. உங்க வீட்டுக்காரர் கைவேலைதான் அது.”

அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதை அந்த மனிதர் இருட்டில் ஆற்றின் உயரத்தைப் பார்த்துப் படித்துச் சொன்னார். விடியும் வரை இலாகா லைன் வரவில்லை. அவர் போன் வந்தது. “இன்னொரு படிங்க” என்பார். அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் பில்லூர் அணை நிறைந்து உபரி நீர் எங்கள் ஊர் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கரையோரத்தில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகும்படி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால்தான் ஆடிப்பெருக்குக்கு அந்த ஆற்றில் பூவும் மஞ்சளும் விட்டிருந்தார்கள். வியாழன் முதல் எனக்கு அந்த இரைச்சல் குலை நடுக்கமாக இருந்தது. சனிக்கிழமை இரவு அது மாறிவிட்டது. மேல்பவானியில் பெய்கிற தண்ணீர் சுரங்கம் வழியாக அவலாஞ்சிக்கு வந்து, கனடா பவர் ஹவுஸ், கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒவ்வொரு இடத்திலும் டர்பைனைச் சுற்றிவிட்டு எங்கள் ஊருக்கு இறங்குகிறது என்று சின்ன வயதில் அப்பா விரல் விட்டுச் சொல்லிக்கொடுப்பார். கோயம்புத்தூர்க்காரர்கள் பலர் குடிப்பதும் பில்லூர்த் தண்ணீர்தான். இதெல்லாம் பாடம் போலத் தெரியும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே கேட்கிற சத்தத்தில் அப்பா கை பட்ட தண்ணீரும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். “உங்க தாத்தா அனுப்பினதுடி” என்றேன்.

இன்னும் பல பேருக்கு நன்றி சொல்ல வேண்டும், எல்லாரையும் சேர்த்துச் சொல்வதற்கு மன்னியுங்கள். விழுந்த மரத்தை அறுத்து, ரோட்டை மூடிய மண்ணை ஜேசிபி வைத்துத் தள்ளி வழிவிட்டவர்கள். கம்பத்தில் ஏறி நின்ற லைன்மேன்கள். தீயணைப்புத் துறையினர், பேரிடர் மீட்புப் படையினர், ராணுவத்தினர். மாட்டிக்கொண்டவர்களைத் தங்கள் ஊரான ஹட்டிக்குள் கூட்டிப்போய் சமுதாயக் கூடத்தில் அடுப்பு மூட்டிச் சோறு போட்ட படுகர் வீட்டுத் தாய்மார்கள். அப்பா நடந்து இறங்கும்போது தன் காலுறையைக் கழற்றிக் கொடுத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி. மஞ்சூரிலிருந்து ஏற்றிவந்து டிக்கெட்டுக்குக் காசு வாங்காத கண்டக்டர். திங்கட்கிழமை பக்ரீத் அன்று பிள்ளை பெற்றவளுக்கு ஆகுமா என்று விசாரித்துவிட்டுக் காரம் குறைத்துத் தனியாகச் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டு அம்மா. நீங்கள் ஒருவரும் என்னிடம் பதில் எதிர்பார்க்கவில்லை. நான்தான் சொல்லாமல் இருக்க முடியாமல் சொல்கிறேன்.

அந்த அண்ணனிடம் வருகிறேன். உங்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஞாயிறு மதியம், மாற்று ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், அப்பா இறங்கத் தொடங்கிவிட்டார் என்று சொல்ல நீங்கள் கூப்பிட்டீர்கள். “இனிமே நான் கூப்பிட மாட்டேங்க்கா” என்றீர்கள். அம்மா அழுதுகொண்டே பேசினார். போனை வைக்கப் போகும் நேரத்தில்தான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. “தம்பி, உங்க வீட்ல எல்லாரும் சுகந்தானே?” என்று கேட்டார்.

“தெரியலீங்கக்கா. எங்க ஊர்லயும் டவர் இல்லை” என்றீர்கள்.

நாலு நாள். 41 தடவை. எங்களுக்குச் செய்தி சொன்ன மனிதருக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. நாங்கள் டீ குடித்தாரா, மாத்திரை போட்டாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். நீங்களும் மாற்று ஆள் இல்லாமல் அங்கேயே கிடக்கிறீர்கள் என்பதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் தலை குனிகிறது. இனி யார் எனக்கு நல்ல சேதி கொண்டுவந்தாலும் அவர் வீட்டைப் பற்றிக் கேட்காமல் போனை வைக்க மாட்டேன். என் மகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்ப்பேன்.

அம்மா உங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் கணவர் கிழங்கு மண்டிக்கு ஓடினார். மலையில் எந்த ஊரானாலும் அந்த ஊர்க் கிழங்கும் கேரட்டும் ஏற்றி வருகிற லாரிக்காரர் ஒருவர் மண்டியில் யாருக்காவது பழக்கமாக இருப்பார். மூன்று பேர் கை மாறி, நிவாரண அரிசி ஏற்றிக்கொண்டு உங்கள் ஊர்ப் பக்கம் போன டிரைவர் ஒருவர் கிடைத்தார். அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு, சிக்னல் இருக்கிற வளைவு வரை இறங்கி வந்து பேசினார். அப்போது மணி ஆறாக ஐந்து நிமிஷம்.

உங்கள் எண்ணை அம்மா தன் போனில் என்ன பெயரில் பதிந்து வைத்திருக்கிறார் தெரியுமா அண்ணா? ‘நல்லா இருக்காரு’ என்று. அந்தப் பெயரை அழுத்தினேன். நீங்கள் வேலி ஓரத்தில் இருந்தீர்களோ என்னவோ, மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டீர்கள்.

“நல்லா இருக்காங்கண்ணா” என்றேன். “அம்மா, அண்ணி, ரெண்டு பசங்க, நாலு பேரும். பின்சுவர்தான் விழுந்திருக்கு.”

நீங்கள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மழைக்கோட்டின் மேல் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு, “சரிம்மா, மணி ஆறாச்சு, லெவல் எடுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.