இரண்டு ஆம்ப் எதற்கு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெரம்பூர், கொளத்தூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுவது உங்களில் பலருக்குத் தெரியும். "ஒரு ஆம்ப் போதும், இவங்க ரெண்டு ஆம்பைத் தலையில கட்டுறாங்க, பை-ஆம்பிங்கே ஏமாத்து" என்கிறார் அதில் பேசுபவர். ஆம்ப் என்பது ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்; ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப் கொடுப்பதுதான் பை-ஆம்பிங். கடைப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் சொல்லும் அடையாளம் எல்லாம் நம் கடைக்குத்தான் பொருந்துகிறது. விலை அதிகம் என்று மட்டும் சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். ஏமாற்று என்று கேட்ட பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். சில ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் வயர் மாட்டும் டெர்மினல் நான்கு இருக்கும். மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் சின்னத் தகடுகள் இணைத்திருக்கும். அந்த ஜம்பர் தகடுகளைக் கழற்றிவிட்டு மேலே ஒரு ஆம்ப், கீழே ஒரு ஆம்ப் கொடுப்பது ஒரு முறை. இதில் ஒலியைப் பாஸ், ட்ரெபிள் என்று பிரிப்பதற்காகப் பெட்டிக்குள் இருக்கும் காயிலும் கண்டென்சரும் (இதுதான் கிராஸ்ஓவர்) அப்படியே இருக்கும். இரண்டு ஆம்பும் முழுப் பாட்டையும்தான் பெருக்கும்; ஒலி பிரிவது அதற்குப் பிறகுதான். அதனால் ஆம்பின் வோல்டேஜ் சுமை குறையாது, காதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இதற்காக இன்னொரு ஆம்ப் வாங்காதீர்கள் என்று கவுன்டரில் நின்று நானே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

நாங்கள் செய்து தருவது வேறு. ஆம்புக்கு முன்னால் வைக்கும் ஆக்டிவ் கிராஸ்ஓவரில் பாட்டு ஆம்புக்குள் நுழைவதற்கு முன்பே, சிறிய சிக்னலாக இருக்கும்போதே பிரிந்துவிடுகிறது. பாஸ் ஒலிக்கும் வூஃபருக்குத் தனி ஆம்ப், ட்ரெபிள் ஒலிக்கும் ட்வீட்டருக்குத் தனி ஆம்ப். வூஃபருக்கும் அதன் ஆம்புக்கும் நடுவில் வயரைத் தவிர எதுவும் இல்லை.

கணக்காகவே சொல்கிறேன். 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் கொடுக்கும் ஆம்ப் உச்சத்தில் சுமார் 28 வோல்ட் வரை போகும். பாஸும் ட்ரெபிளும் தலா 28 வோல்ட் கேட்டால், இரண்டையும் சேர்த்துச் சுமக்கும் ஒற்றை ஆம்புக்கு 56 வோல்ட் வேண்டும். அது 200 வாட் ஆம்ப்! நிஜப் பாட்டில் ட்ரெபிள் அவ்வளவு கேட்காது, ஆதாயமும் அந்த அளவுக்கு இருக்காது. ஆனாலும் ஆதாயம் நிச்சயம் உண்டு. இதைவிட முக்கியம், தவில் அடியில் பாஸ் ஆம்ப் கிளிப் ஆனால், அதாவது தன் வோல்டேஜ் எல்லையை முட்டி ஒலி சிதைந்தால், அந்தக் கரகரப்பு ட்வீட்டருக்குப் போகாது. நாதஸ்வரம் தெளிவாகவே கேட்கும். என்னைப் பொறுத்தவரை இந்த ஒன்றுக்காகவே இரண்டாவது ஆம்ப் தகும்.

பிரிப்பதற்கு நாங்கள் போடுவது லிங்க்விட்ஸ்-ரைலி முறை. சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976-இல் எழுதி வெளியிட்டது, இன்றுவரை உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும், 24 டெசிபல் சரிவு. பிரியும் இடத்தில் இரண்டு பக்கமும் 6 டெசிபல் இறங்கி, ஒரே ஃபேஸில் (அலைகள் சேர்ந்தே ஏறி இறங்கும்படி) இருப்பதால் கூடும்போது சமமாகிவிடும். கடையில் குருட்டாம்போக்கில் திருகி வைக்கும் வேலை இல்லை இது.

அந்தப் பதிவில் ஒரு ஆம்ப் புகைந்த கதையும் வருகிறது. நடந்தது இதுதான்: நாங்கள் வேலை முடித்துக் கொடுத்த பிறகு, வீட்டுக்கு வெள்ளையடிக்க ஸ்பீக்கரை நகர்த்தியவர்கள், டிராயரில் கிடந்த ஜம்பர் தகடுகளைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். இரண்டு ஆம்பின் அவுட்புட்டும் ஒன்றோடொன்று மோதினால் வேறென்ன ஆகும்? அந்த ஆம்பைக் கூலி வாங்காமல்தான் சரிசெய்து கொடுத்தோம். அது மட்டும் பதிவில் இல்லை.

பெட்டிக்குள் இருக்கும் பழைய கிராஸ்ஓவர் ஒலியைப் பிரிப்பதோடு நிற்பதில்லை; ட்வீட்டரின் சத்தத்தை வூஃபருக்கு ஏற்ப அடக்கியும் வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் மைக் வைத்து அளந்து, எல்லாவற்றையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். உங்கள் ஹாலில் ஒரு மாலை முழுக்க நாங்கள் 'உய்ங்' என்று சத்தம் விட்டுக்கொண்டிருப்பது அதற்காகத்தான். இதில் கை தேர்ந்திருந்த எங்கள் தம்பி நல்ல வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். மனதார வாழ்த்தி அனுப்பினோம். டிரான்ஸ்ஃபார்மருக்கான செம்புக் கம்பி விலையும் உங்களுக்குத் தெரியாததில்லை. அதனால் வீட்டுக்கு வந்து அளக்க அடுத்த மாதம் முதல் 1,500 ரூபாய், வேலை முடியவும் முன்பைவிடச் சில வாரம் கூடும்.

அந்தப் பதிவுக்கு எங்கள் சார்பில் பதில் பேசிய ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) குடியிருப்பு நண்பர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நாங்கள் யாரையும் பேசச் சொல்லவில்லை. ராயபுரம், காசிமேடு வீடுகளில் உப்புக்காற்றில் டெர்மினல் களிம்பு பிடித்தாலும், வேறு கடை தேடாமல் நம்மிடமே தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். அப்பா வாங்கிய ஸ்பீக்கரோடு மகன் வந்து நிற்கும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

அப்புறம், ஏற்கெனவே மாற்றிக்கொண்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆம்பைக் கடைசியாக ஆன் செய்யுங்கள், முதலில் ஆஃப் செய்யுங்கள். கரண்ட் போனால் உடனே ஆம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரும்ப வரும்போது கிராஸ்ஓவரிலிருந்து வரும் 'டப்' நேராக ட்வீட்டரில் இறங்கும். அதற்குக் காவலாகத்தான் ட்வீட்டர் வயரில் 30 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போட்டிருக்கிறோம். 8 ஓம் ட்வீட்டரில் அது வெட்டுவது சுமார் 660 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். பிரியும் இடம் 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் என்பதால் பாட்டைக் கெடுக்காது. யார் சொன்னாலும் அதைக் கழற்ற வேண்டாம்.

சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு மாலை உங்கள் ஆம்பையும் பிடித்த பாட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரே ஜோடி ஸ்பீக்கரில் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டுகிறோம். குரல் பதிவு போட்டவரும் வரலாம்.

அன்புடன்,
கடை உரிமையாளர், பெரம்பூர்