கணினி அறை யுபிஎஸ் பேட்டரிகளை மாற்றித் தரக் கோரி மூன்றாவது மனு

பெறுநர்: மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்

அனுப்புநர்: அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோர்

பார்வை: எங்களுடைய முந்தைய இரண்டு மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பாலத்தை ஒட்டிய எங்கள் பள்ளியைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். கணினி அறைக்கு ரிப்பன் வெட்டியதே தாங்கள்தான். அந்தப் புகைப்படம் இன்னும் சுவரில் இருக்கிறது. அந்த அறையின் இன்றைய நிலையைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

1. மின்சாரம் தடைபட்டாலும் கணினிகள் அணையாமல் காக்கும் யுபிஎஸ்ஸின் பேட்டரிகள் செயலிழந்துவிட்டன. ஈய அமில பேட்டரி 3 முதல் 5 ஆண்டுகள்தான் உழைக்கும் என்பது வாங்கும்போதே தெரிந்த சங்கதி. இப்போது மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் 20 கணினிகளும் ஒரேயடியாக அணைகின்றன. அவற்றை மறுபடி இயக்கி, ஒவ்வொரு பிள்ளையும் கடவுச்சொல் இட்டு உள்ளே போவதற்குள் பாதிப் பாடவேளை போய்விடுகிறது. சென்ற வாரம் எட்டாம் வகுப்பின் இணையவழித் தேர்வில் மூன்று முறை இப்படி ஆயிற்று. கடைசிக் கேள்வியை எட்டியிருந்த ஒரு சிறுமி மூன்று முறையும் முதல் கேள்விக்கே திரும்ப வேண்டியதாயிற்று. மூன்றாம் முறை அவள் எழுதவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "மனு பரிசீலனையில் இருக்கிறது" என்று அவளிடம் போய்ச் சொல்லவா ஐயா?

2. எல்லாக் கணினிகளிலும் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இவற்றில் இல்லாததால் அதற்கு முறைப்படி மாறவும் வழியில்லை.

3. பயிற்சி பெற்ற ஒரே ஆசிரியரும் மாறுதலாகிப் போய்விட்டார்.

4. மறுபடியும் பேட்டரிதான் ஐயா. இரண்டு முறை பேட்டரி கேட்டோம். வந்ததோ புதிய தொடுதிரைப் பலகை! அதை இணைக்கவும் அதே செத்த யுபிஎஸ்தான் இருக்கிறது. பலகை பெட்டி பிரிக்காமல் நிற்கிறது. வாங்குவதற்கு நிதி ஒதுக்கியவர்கள் பராமரிப்புக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. இதற்குப் பெயர் திட்டமா? கொள்முதல் பட்டியல்!

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் பேட்டரி மாற்றம், பழுதுநீக்கம், பழைய கணினிகளுக்கு மாற்று, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்குத் தனி நிதி ஒதுக்குங்கள். அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. அடுத்த இணையவழித் தேர்வுக்கு முன் பேட்டரிகளையாவது மாற்றித் தாருங்கள் ஐயா. பேட்டரிகளை மட்டுமாவது.

இப்படிக்கு,
பெற்றோர்

இணைப்பு: தங்கள் அலுவலகம் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன், முந்தைய இரண்டு மனுக்களின் நகல்கள்.