டிராக் பந்தயப் பாதுகாப்பு விதிகள்: சுமை ஒரு பக்கம் மட்டும் ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வட்டாரத்தில் டிராக் பந்தயம், அதாவது குறிப்பிட்ட நேர்கோட்டுத் தூரத்தை யார் முதலில் கடப்பது என்ற போட்டி, நடத்தும் ஏற்பாட்டாளர்கள் அடுத்த பருவத்திலிருந்து சில பாதுகாப்புச் சாதனங்களைக் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். கார் ஓட்டுவோருக்கு ஐந்து முனைப் பெல்ட், தீயைத் தாங்கும் மேலங்கி, பந்தயத் தரத் தலைக்கவசம், கிளட்ச் பகுதியைச் சுற்றி எஃகுக் கவசம். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு முழுத் தோலாடை, ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றுச் சுவிட்ச். அறிவிப்பு வந்த நாளிலிருந்து பீடோங் சாப்பாட்டுக் கடைகளில் இதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் ஆசையில் மண்ணள்ளிப் போடும் வேலை என்று ஒரு சாராரும், இதை என்றைக்கோ செய்திருக்க வேண்டும் என்று இன்னொரு சாராரும் வாதிடுகிறார்கள். சத்ரியா, வீரா கார்களையும் ஒய்15, எல்சி மோட்டார் சைக்கிள்களையும் பந்தயத்திற்குத் தயார் செய்து கொடுக்கும் பட்டறைக்காரன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். விதிகள் கட்டாயம் தேவை. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவாகவும், முழுச் சுமையையும் ஓட்டுபவர் தலையில் ஏற்றுவதாகவும் அவை அமைந்திருப்பது சரியல்ல.

அதிக எதிர்ப்பைச் சந்தித்திருக்கும் கிளட்ச் கவசத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பொருத்தும் பொருளுக்கு எதற்குச் செலவு என்று கேட்கிறார்கள். 1970ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள லயன்ஸ் பந்தயத் திடலில், டான் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற வீரரின் வண்டியில் டிரான்ஸ்மிஷன் வெடித்துச் சிதறி, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டாகிப் போனது. அந்தக் காலத்து வண்டிகளில் இயந்திரம் முன்னாலும் ஓட்டுபவர் அதன் பின்னாலும் இருந்ததால், எது வெடித்தாலும் அவர் மேல்தான் வந்து விழும். கார்லிட்ஸ் அதோடு ஒதுங்கிவிடவில்லை. இயந்திரத்தை ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்து வண்டியை வடிவமைத்து, 1971இல் அதிலேயே வெற்றியும் பெற்றார். உயர் பிரிவு வண்டிகள் இன்றளவும் பின்பற்றும் அமைப்பு அதுதான்.

நம் பிள்ளைகள் ஓட்டுபவை சாதாரணச் சாலைக் கார்கள்தானே என்று கேட்கலாம். டர்போ பூட்டி ஓடிய கார்களின் கியர்பாக்ஸைக் கழற்றும்போது, இயந்திரத்தோடு சுழன்று கிளட்சைத் தாங்கும் பறக்கும் சக்கரத்தின் (ஃப்ளைவீல்) முகத்தை ஒருமுறை வந்து பார்க்கட்டும். சூடேறி நீலம் பாய்ந்த திட்டுகளும், அவற்றின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் மயிரிழை விரிசல்களும் துணியால் துடைத்தவுடன் தெரியும். அது வார்ப்பிரும்பு. சாலை ஓட்டத்திற்கான சுழற்சிக்கு வார்க்கப்பட்ட அதை, அந்த எல்லைக்கு மேலே கொண்டுபோய்க் கிளட்சைத் திடீரென்று விடும்போது, விரிசல் விட்ட துண்டு ஒன்று பிய்த்துக்கொண்டு கிளம்பினால் அலுமினிய கியர்பாக்ஸ் உறையால் அதைத் தடுக்க முடியாது. பானெட்டையும் கிழிக்கும், கால் வைக்கும் இடத்துத் தகட்டையும் கிழிக்கும், போகிற வழியில் பிரேக் குழாயையும் பெட்ரோல் குழாயையும் அறுத்துவிடலாம். எஃகில் கடைந்த பறக்கும் சக்கரமும் அதைச் சுற்றிய கவசமும் பந்தயக் கார்களுக்கு ஆடம்பரம் அல்ல.

பெட்ரோல் குழாய் அறுந்தால் அடுத்து வருவது தீ. அந்தத் தீயில் எத்தனை விநாடி தாங்கும் என்பதை வைத்தே பந்தய ஆடைகளைத் தரம் பிரிக்கிறார்கள். பந்தயச் சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் எஸ்எஃப்ஐ அமைப்பின் வரிசையில் அடிமட்டத்தில் உள்ள ஒற்றை அடுக்கு மேலங்கி, உள்ளே இருப்பவருக்கு இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்படும்வரை சுமார் 3 விநாடி கொடுக்கிறது, 3.2ஏ/5 என்ற தரம் சுமார் 10 விநாடி கொடுக்கிறது. பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, வெளியே பாய்வதற்கு இந்த ஏழு விநாடி வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை விளக்கத் தேவையில்லை. எங்கள் பகுதியில் பெரும்பாலான பிள்ளைகள் அணிந்து வருவது காற்பந்துக் குழுவின் பாலியஸ்டர் ஜெர்சி. தீ பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மேலங்கி வாங்க முடியாதவர்கள் குறைந்தபட்சம் பருத்தி நீள்கைச் சட்டையும் பருத்திக் கால்சட்டையும் அணிய வேண்டும் என்ற விதியை நாளைக்கே கொண்டுவரலாம். அறிவிப்பில் அது இடம்பெறாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

பெல்ட்டுக்குக் காலாவதித் தேதி வைப்பது பணம் பறிக்கும் தந்திரம் என்கிறார்கள். அமெரிக்கப் பந்தயங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் எஸ்எஃப்ஐ 16.1 தரத்தில் பெல்ட்டின் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான். வெயில் பட்டால் அந்த நாடாவின் இழை வலுவிழக்கும். நம் நாட்டு வெயிலில் நாள் முழுவதும் நிறுத்தி வைக்கும் காரில் தோள்பட்டை நாடா வெளுத்துப் போயிருப்பதையும், நகத்தால் சுரண்டினால் பஞ்சாக உதிர்வதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். கொக்கி புதிதுபோல மின்னுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. தலைக்கவச விஷயமும் இப்படித்தான். நம் நாட்டுத் தர நிறுவனமான சிரிமின் முத்திரை பெற்றது சாலைக்குப் போதும். உருளும் காருக்குள் இரும்புக் குழாயில் மோதும் தலைக்கும், தீக்கும் சேர்த்துச் சோதிக்கப்பட்டது வேறு வகை. 1956இல் பீட் ஸ்னெல் என்ற ஓட்டுநர் பந்தய விபத்தில் தலைக்கவசம் காப்பாற்றாமல் உயிரிழந்த பிறகே அவர் பெயரில் 1957இல் ஸ்னெல் அறக்கட்டளை தோன்றியது. அன்று முதல் அது தலைக்கவசங்களைச் சோதித்துத் தரச் சான்று வழங்கி வருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மறுப்பைச் சொல்கிறேன். டிராக் பந்தயத்தில் பழுத்த அனுபவம் கொண்ட அமெரிக்காவின் என்எச்ஆர்ஏ அமைப்பு எல்லா வண்டிக்கும் ஒரே விதியை வைக்கவில்லை. கால் மைலை, அதாவது 402 மீட்டரை, வண்டி எத்தனை விநாடியில் கடக்கிறது என்பதைப் பொறுத்தே தேவைகள் கூடுகின்றன. பழைய மாதிரிக் கார்களுக்கு 11.49 விநாடியிலிருந்து, கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய் தேவை. அதைவிட வேகமான வண்டிகளுக்கு ஓட்டுபவரைச் சுற்றி முழுக் குழாய்க் கூண்டு, மணிக்கு 150 மைல் வேகத்தை எட்டும் காருக்கு பாராசூட். 2008ஆம் ஆண்டு மாதிரி முதல் காற்றுப் பைகளோடு தொழிற்சாலையிலிருந்து வந்த கார்களுக்குத் தளர்வும் உண்டு. இங்கே வெளியான அறிவிப்பிலோ, 16 விநாடியில் தட்டுத் தடுமாறி எல்லையைத் தொடும் கஞ்சில் காருக்கும் 11 விநாடி டர்போ சத்ரியாவுக்கும் ஒரே பட்டியல். நம்மிடம் பெரும்பாலும் நடப்பது 201 மீட்டர் ஓட்டம் என்பதால் அதற்குரிய நேர வரம்புகளைத் தனியாக வகுக்க வேண்டும். மெதுவான வண்டியோடு முதன்முதலாக வரும் பையனை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அவன் ஓட்டுவதை விட்டுவிடப் போவதில்லை. செம்பனை லோரிகள் போகும் தோட்டச் சாலைக்குத்தான் போவான். பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓடுவதை 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடுக்கிறது என்பது அவனுக்கும் தெரியும். பந்தயத் திடல் உள்ள செப்பாங்குக்குப் போகலாமே என்பவர்கள், பினாங்கையும் பேராக்கையும் கடந்து வண்டியை ஏற்றிச் செல்லும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அறிவிப்பில் இன்னொரு பெரிய குறையும் உண்டு. 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டிராக் பந்தய வீரர் ஸ்காட் கலிட்டா உயிரிழந்தபோது, அவரிடம் உயர் பிரிவுக்குரிய சாதனங்கள் அனைத்தும் இருந்தன. இயந்திரம் வெடித்த பிறகு வண்டி நிற்காமல் திடலின் கடைசி எல்லையையும் தாண்டிச் சென்று மோதியது. அதன் பின்னரே நைட்ரோ என்ற மிகு ஆற்றல் எரிபொருளில் ஓடும் உயர் பிரிவுகளின் ஓட்டத் தூரம் 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. ஓட்டுபவர் எதை அணிந்திருந்தாலும் நிற்பதற்கு இடம் வேண்டும் என்பதை ஏற்பாட்டாளர்கள் அன்று ஏற்றுக்கொண்டார்கள். நம் அறிவிப்பிலோ எல்லைக் கோட்டுக்கு அப்பால் எத்தனை மீட்டர் விடப்படும், இரு பக்கமும் என்ன தடுப்பு இருக்கும், பார்வையாளர்கள் எவ்வளவு தள்ளி நிற்பார்கள், தீயணைப்புக் கருவியோடு யார் நிற்பார்கள், சுங்கைப் பட்டாணி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஆம்புலன்ஸ் திடலிலேயே காத்திருக்குமா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நுழைவுக் கட்டணமும் டிக்கெட் பணமும் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கடமை இல்லையா?

எனவே ஏற்பாட்டாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. கயிற்றுச் சுவிட்ச், கணுக்காலை மூடும் காலணி, பருத்தி உடை ஆகியவற்றுக்கு அதிகச் செலவில்லை. அவற்றை முதல் பந்தயத்திலிருந்தே கட்டாயமாக்குங்கள். இன்றைக்கும் சிலர் சிலிப்பரோடு ஓட்டுவதை அனுமதிக்கிறீர்கள். தோலாடையையும் பந்தயத் தலைக்கவசத்தையும் சில அளவுகளில் வாங்கி வைத்து, அன்றைய ஓட்டத்திற்கு வாடகைக்குக் கொடுங்கள். கிளட்ச் கவசத்தையும் பெல்ட்டையும் வேகமான பிரிவுகளுக்கு உடனே விதித்து, மற்றவர்களுக்கு ஒரு பருவம் அவகாசம் கொடுங்கள். வண்டிச் சோதனையைப் பந்தய நாள் காலை அவசரத்தில் நடத்தாமல் முந்தைய வாரமே நடத்துங்கள். அதற்கு என் பட்டறையின் தூக்கியையும் கருவிகளையும் இலவசமாகத் தர நான் தயாராக இருக்கிறேன்; இவ்வட்டாரத்தின் மற்ற பட்டறைக்காரர்களும் முன்வருவார்கள் என்று நம்புகிறேன். திடலின் நீளம், தடுப்புகள், ஆம்புலன்ஸ் குறித்த விவரங்களை நுழைவுக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே எழுத்து மூலம் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறை உரிமையாளர்,
பீடோங், கெடா