சாட்சிக் கூண்டில் ஏறப்போகும் மாணவர்களுக்காக

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைத் தலைவர்களுக்கு, வணக்கம்.

தடயவியல் உளவியல் படிக்க ஆசைப்பட்டு வரும் பிள்ளைகளில் பலர், தொடர்கொலைகாரனின் மனத்தைப் படித்துப் போலீசுக்குத் துப்பு கொடுப்பதுதான் இந்த வேலை என்று நினைக்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலை அநேகமாக இல்லை. இருக்கிற வேலை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன்.

குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன். உளவியல் தேர்வு எழுதப் பென்சிலைக் கையில் வாங்கியதும் கேட்டான்: "மேடம், இதுல நல்லா எழுதுனா வீட்டுக்கு விட்ருவாங்களா, தப்பா எழுதுனா விடுவாங்களா?"

விவரமான கேள்வி. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 15ஆம் பிரிவுப்படி, 16 வயது நிரம்பியவர்மேல் கொடுங்குற்ற வழக்கு என்றால், அதைச் செய்யும் உடல், மனத் திறனும் விளைவை உணரும் ஆற்றலும் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிட வேண்டும். பெரியவரைப் போல விசாரிப்பதா என்பது அதை வைத்துத்தான். கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்வதே அவனுக்கு வினையாகலாம். குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் குழுமத்தில் இல்லாவிட்டால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்த நிபுணர் உங்கள் வகுப்பிலிருந்துதான் வரவேண்டும்.

முதன்முறை சாட்சி சொல்லப் போனபோது வக்கீல் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தத் தேர்வு தமிழ் பேசும் பிள்ளைகளுக்குத் தரப்படுத்தப்பட்டதா?" தமிழ்ப் பிள்ளைகளிடமே நடத்திப் பார்த்து மதிப்பெண் அளவுகள் வகுத்ததா என்று பொருள். எனக்குப் பதில் தெரியவில்லை. முதுகலை இரண்டு வருடத்தில் அறிக்கை எழுதக்கூட யாரும் சொல்லித்தரவில்லை. அன்று நின்ற நிலை உங்கள் மாணவர் யாருக்கும் வரக்கூடாது.

வேலையைப் பற்றிச் சேரும் நாளிலேயே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்ற) வழக்குகளில் குழந்தைக்குத் துணை நிற்பது, சிறை, குடும்ப நீதிமன்றம், தடய அறிவியல் ஆய்வகம் என்று வழிகள் உண்டு. பல இடங்களில் ஒப்பந்தப் பணிதான். வெறும் எம்.எஸ்சி.யை வைத்து 'மருத்துவ உளவியலாளர்' என்று போட்டுக்கொள்ள முடியாது, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். உண்மை கண்டறியும் சோதனையில் ஆர்வமுள்ளவர்களுக்கு, சம்மதமில்லாமல் அதை நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2010 செல்வி வழக்குத் தீர்ப்பை முதல் பருவத்திலேயே வாசிக்கக் கொடுங்கள்.

பருவத்துக்கு ஒரு முறையாவது மாதிரி நீதிமன்றம் வையுங்கள். மாணவர் எழுதிய அறிக்கையை அவர் கையிலேயே கொடுத்துக் கூண்டில் ஏற்றுங்கள். குறுக்கு விசாரணைக்குப் பக்கத்துச் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கூர்நோக்கு இல்லங்களுக்குப் போய்வரும் உளவியலாளர் ஒருவர்