விற்பதற்கு முன்னால் இதைப் படி

தம்பிக்கு,

அப்பாவின் பாட்டு செட்டை, ரெக்கார்ட் பிளேயர், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும், விற்பனைக்குப் போட்டுவிட்டாய், அதுவும் திதி முடிந்த கையோடு. உன் வீட்டில் இருக்கிற பொருள், உன் இஷ்டம். விலையைப் பற்றி இங்கே வாய் திறக்க மாட்டேன், நாலு பேர் படிக்கிற இடம். ஆனால் பாப்பா கை வைத்துக் கெடுக்கிறாள் என்று பெற்ற மகளையே காரணமாகக் கை காட்டியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

பாப்பா கட்டைவிரலால் அழுத்தி உள்ளே போனது, தாழ்ந்த ஒலி தருகிற பெரிய ஸ்பீக்கரான வூஃபரின் நடுவில் இருக்கிற டஸ்ட் கேப். வாய்ஸ் காயில் என்கிற கம்பிச்சுருள் ஓடுகிற இடுக்கில் தூசி இறங்காமல் காக்கிற மூடி அது. ஒடுங்கினால் பார்க்க அசிங்கம். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மாஸ்கிங் டேப்பை ஒட்டி மெதுவாக வெளியே இழு. வரவில்லையா, வாக்யூம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து, குழாய் வாயைப் பாதி கையால் மூடிக்கொண்டு சிறிது சிறிதாகக் கிட்டே கொண்டுபோ. நேராக ஒட்டவைத்தால் கோன், அதாவது ஸ்பீக்கரின் அதிர்கிற கூம்பு, கிழியும். அதற்கும் மசியாவிட்டால் புதுக் கேப் ஒட்டிக்கொள்ளலாம். இதற்குப் போய் அந்தப் பிஞ்சுக் கையில் அடித்தாய். அவள் அழக்கூட இல்லை, உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அன்று அத்தனை பேர் முன்னால் கத்தியிருக்க வேண்டாம், மன்னித்துக்கொள். மெல்லச் சொன்னால் கேட்கிற ஆளா நீ?

உச்ச ஒலி தருகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் வேறு கதை. அதன் நடுக்குமிழ் பட்டு டோம் என்றால் டேப்புக்குப் பெரும்பாலும் வந்துவிடும். அலுமினிய டோமில் மடிப்பு விழுந்தால் விழுந்ததுதான். ஸ்பீக்கர் முன்னால் மூடுகிற துணி கிரில் விரலைத் தடுக்காது. துளை போட்ட இரும்புத் தகட்டை அளவாக வெட்டி, கிரில் சட்டத்தின் பின்பக்கம் திருகிவிடு. ரெக்கார்ட் பிளேயர் ஊசிக்கும் வழி இருக்கிறது. நீ வைத்திருக்கிற ஆடியோ-டெக்னிக்கா விஎம்95 வரிசைக் கார்ட்ரிட்ஜில் ஊசியை மட்டும் கையால் கழற்றி மாற்றலாம். அந்த வரிசையிலேயே விலை குறைந்த கூம்பு ஊசியைப் பாப்பாவுக்கென்று வைத்துக்கொள், தட்டின் மேல் ஊசி அழுத்துகிற பாரம் 2 கிராம். ஊசியை மெதுவாக இறக்குகிற க்யூ லீவரை அவளே இறக்கட்டும். ஊசி மாட்டியிருக்கிற ஆர்மைக் கையால் தூக்குவதுதான் ஊசியை முறிக்கும்.

ஸ்பீக்கர் வயரை அவள் இழுத்து, இழைகள் ஒன்றோடொன்று உரசினால் ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடலாம். முனையில் இழை பிரியாமல் செருகுகிற பனானா ப்ளக் போட்டு, வயரைச் சுவரோரம் கிளிப் அடித்துவிடு. வால்யூம் குமிழைக் கடைசி வரை திருப்புவாள், எல்லாக் குழந்தையும் திருப்பும். ஆம்ப் தாங்காமல் சிக்னல் வெட்டுப்பட்டு ட்வீட்டர் கருகுவது அப்படித்தான். வால்யூம் குமிழ் இருக்கிற ப்ரீஆம்புக்கும் ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் ஆம்புக்கும் நடுவில், சிக்னலைக் குறைக்கிற 10 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒரு ஜோடி செருகு.

இத்தனையும் பொருளுக்கு. நீ பயப்படவே பயப்படாத மூன்றைச் சொல்கிறேன், அவைதான் பாப்பாவுக்கு ஆபத்து.

ரிமோட்டில் இருக்கிற சிஆர்2025 பட்டன் பேட்டரி. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் புண்ணாக்க ஆரம்பிக்கும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடு, எக்ஸ்ரே எடு, வாந்தி எடுக்க வைக்காதே. இன்றைக்கே அந்த மூடியை டேப் சுற்றி இறுக்கு.

அடுத்தது ஸ்பீக்கர் ஸ்டாண்ட். டைல்ஸ் தரையில் ஸ்பைக் என்கிற கூர்முனைக் கால் மேல் நிற்கிறதை அவள் பிடித்து எழுந்தால் தலைமேல் வரும். ஸ்பைக்கைக் கழற்று, ஸ்டாண்டுக்கு அடியில் அகலமான பலகை திருகு, பெட்டியைப் பலகையோடு பிணைத்து, பின்னால் நைலான் பட்டையைச் சுவரில் எல் பிராக்கெட்டோடு கட்டு. நல்ல சத்தத்துக்கு ஸ்பைக் வேண்டும் என்று என்னிடம் வாதாடாதே.

மூன்றாவது காது. குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். நீ 2 மீட்டர் தள்ளி சோபாவில் 75 கேட்கும்போது, ஸ்பீக்கருக்கு அரை மீட்டரில் நின்று ஆடுகிறவளுக்கு அது 85ஐ நெருங்கும். சத்தம் அளக்கிற மீட்டரை அவள் காது உயரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வால்யூம் வை.

நீ விற்றுவிட்டால் அவளுக்கு மிஞ்சுவது உன் போன் ஸ்பீக்கர். அப்பா நம் இருவரையும் அப்படியா வளர்த்தார்? அதை விடு, உன் மனைவியும் படிப்பாள்.

வாங்க வருகிறவரை ஞாயிறு வரை பொறுக்கச் சொல். தகடும் பிராக்கெட்டும் நான் வாங்கி வருகிறேன். டிரில் உன்னிடம் இருக்கிறது, என்னுடையதுதான்.

அக்கா